சண்டை வராத தலைப்பு

எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு அணுகுண்டைப் பட்டிமன்றத் தலைப்பாக வைத்தவர்கள் ஒன்றும் விசரர்கள் இல்லை. நன்றாக யோசித்து, கூட்டம் கூடி, தேத்தண்ணி குடித்து, கை உயர்த்தித்தான் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். நானும் கை உயர்த்தினேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் இதுதான். அதற்கு முந்தின வருடம் தலைப்பு, வீட்டு நிம்மதி மாமியார் கையிலா, மருமகள் கையிலா என்பது. மருமகள் அணியில் பேசிய பிள்ளை, ஓர் உதாரணம் சொல்கிறேன் என்று தொடங்கித் தன் வீட்டுக் குசினிக்குள்ளேயே போய்விட்டாள். முன்வரிசையில் இருந்த அவளுடைய மாமியார் எழும்பினார். விழாவுக்கென்று தான் சுட்டுக்கொண்டு வந்திருந்த வடைச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். அவர் போனதைவிட வடை போனதுதான் சனத்துக்குக் கூடுதல் கவலை. அதன் பிறகு அந்த இரண்டு பக்கத்துச் சொந்தக்காரரும் ஒரே மண்டபத்துக்கு வருவதில்லை, நன்மை தின்மைக்குப் போய்வருவதும் விட்டுப்போயிற்று. அதற்கும் முந்தின வருடம் சீதனத்தைப் பற்றிப் பேசினோம். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, எனக்கு இந்த ஊரில் இன்னும் இருக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே இந்த முறை ஒருவருக்கும் சுடாத தலைப்பு வேண்டும் என்றார் பள்ளிக்கூடத் தலைவர். அவர் இத்தாலியில் இந்தப் பலேர்மோவுக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னமே வந்தவர், பெரிய அடுக்குமாடி ஒன்றுக்கு வாசற்காவலர், எதிலும் கவனமான மனிசன். நாட்டுப் பிரச்சினையை வைத்தால் கதிரை பறக்கும். சமயத்தை வைத்தால் மண்டபமே இல்லாமல் போய்விடும், ஏனென்றால் மண்டபம் பங்குக் கோயிலுக்குச் சொந்தமானது, எங்களில் பாதிப்பேர் சைவம், மற்றப் பாதி வேதக்காரர். பிள்ளை வளர்ப்பு என்றால் வீட்டுக்கு வீடு ஒரு கதை கிடக்கிறது. சமையல்கூட வேண்டாம் என்றார்கள், வடை ஞாபகத்தில். கடைசியில் கைத்தொலைபேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்த தலைவர் நிமிர்ந்தார்.

"வல்லரசுகளைப் பற்றி வைப்பம். உலக அமைதியைக் காப்பது அணுகுண்டின் அச்சமா, மனிதரின் அன்பா? எங்கடை ஆக்கள் ஒருத்தரிட்டையும் அணுகுண்டு இல்லைத்தானே, ரீச்சர்?"

எல்லோரும் சிரித்தோம். அப்படித்தான் தீர்மானம் நிறைவேறியது.

வழக்கமாக நடுவராக இருப்பவர் தங்கச்சியின் மகளுடைய கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். ஒரு பொம்பிளையை நடுவராக வைத்தால் புதுமையாக இருக்கும் என்று யாரோ சொல்ல, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிழமை முழுக்க இரண்டு வீடு துடைத்து, ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, ஞாயிறு காலையில் ஐந்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள் நான். சரி, நடுவர் வேலை சும்மா இருக்கிற வேலைதானே என்று ஒத்துக்கொண்டேன். இரண்டு அணியும் கத்தி முடிய, இரண்டு பேரையும் புகழ்ந்து, ஒரு பகிடி விட்டு, நல்ல பக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டும். தீர்ப்பு எப்போதும் நல்ல பக்கத்துக்குத்தான். அன்பும் குண்டும் மோதினால் எது வெல்லும் என்று மண்டபத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த இடத்தில் என் மகனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனுக்குப் பத்தொன்பது வயது. இங்கேயே பிறந்து, போர்கோ வெக்கியோவில் எங்கள் இரண்டு அறை வீட்டில் வளர்ந்து, கீழே சந்தையில் மீன்காரரோடு அவர்களைவிட உரத்த சிசிலியனில் கதைக்கிறவன். பதினெட்டு வயதில் இத்தாலியக் குடியுரிமை எடுத்தான். ஹோட்டல் படிப்புப் படித்து முடித்துவிட்டு, மின்சாரச் சைக்கிளில் பிற்சா கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை. அதுதான் எனக்குப் பெரிய இடைஞ்சலாகப் போயிற்று, கெட்ட பிள்ளை என்றால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டான்.

எனக்கு ஓய்வான ஒரு வியாழக்கிழமை பின்னேரம், அவனும் தகப்பனும் நானுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

"அம்மா, ஆமிக்கு கொன்கோர்சோ வருது. எழுதப்போறன்."

கொன்கோர்சோ என்றால் அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சை. எங்கள் தெருவில் பாதிப் பொடியள் அதை எழுதுகிறார்கள். இந்தத் தீவில் வேலை இல்லை, பட்டாளத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் விசயம். எனக்கு அது தெரியும். ஆனால் பட்டாளம் என்ற சொல்லைக் கேட்டதும் என் கையில் இருந்த கரண்டி கறிச் சட்டிக்குள் விழுந்துவிட்டது.

"ஆமிக்கோ? உன்னை ஆமியிலை சேர்க்கவோ நாங்கள் ஆமிக்குப் பயந்து ஓடிவந்தனாங்கள்?"

"இது அந்த ஆமி இல்லை அம்மா. இஞ்சை சண்டை வராது."

"ஆர் சொன்னது?"

"குண்டு இருக்குத்தானே அம்மா. அமெரிக்காவிட்டையும் இருக்கு, ரஷ்யாவிட்டையும் இருக்கு. ஒருத்தன் அடிச்சால் மற்றவன் அடிப்பான், ரெண்டு பேரும் இல்லாமல் போவினம். அது ரெண்டு பேருக்கும் தெரியும். அதாலை ஒருத்தரும் தொடமாட்டினம். எல்லையிலை போய் நிக்கிறதுதான் வேலை. சம்பளம், சாப்பாடு, பென்சன். உலகத்திலையே பாதுகாப்பான வேலை அதுதான்."

பாருங்கள் கதையை. உலகத்தை எத்தனையோ தரம் எரிக்கக்கூடிய சாமானை இரண்டு பேர் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் என் பிள்ளைக்கு ஆபத்தில்லையாம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு நமட்டுச் சிரிப்புக்கூட இல்லை. உண்மையாகவே என்னை ஆறுதற்படுத்தப் பார்த்தான். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன், அதாவது என் மனிசனுடைய முகத்தை. அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ஒண்டும் கதைக்கமாட்டியளோ?"

"அவன் சொல்லுறதிலையும் ஞாயம் இருக்கு," என்றார்.

எனக்குக் கோபம் வந்ததற்கு வேறு காரணமும் இருந்தது, அதை அவர்கள் இரண்டு பேருக்கும் நான் அந்த வார்த்தைகளில் சொன்னதில்லை. என் தம்பி இயக்கத்துக்குப் போனது சண்டைக் காலத்தில் இல்லை, சமாதான காலத்தில். நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். கபோ சந்தைக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கடையில் அட்டை போட்டுக் கதைத்தபோது, ஏன்ரா போனாய் என்று கத்தினேன். அவன் சிரித்தான். இனிச் சண்டை வராது அக்கா, இப்ப ரெண்டு பக்கமும் சமபலம், தொட்டால் ரெண்டு பேருக்கும் நட்டம், ஆரும் தொடமாட்டினம் என்றான். அவன் எனக்கு ஆறுதல் சொன்னதும் இதே மாதிரித்தான், இதே குரலில்தான். பிறகு சமபலம் என்னவாயிற்று என்று உலகத்துக்கே தெரியும். மாமாவின் படத்துக்கு வருடத்தில் ஒருநாள் மாலை போடுவோம் என்பது மட்டும்தான் மகனுக்குத் தெரியும்.

அதனால் அந்த வியாழக்கிழமை நான் என் வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் ஊர்த் தாய்மார் எல்லோரும் இடுப்பில் சொருகி வைத்திருக்கிற அதைத்தான் நானும் எடுத்தேன்.

"நீ ஆமிக்குப் போனால் என்ரை செத்தவீட்டுக்கும் வராதை. கொள்ளி வைக்கவும் வராதை."

அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். என்ன பேசினாலும் அவனுடைய உள்ளம் தமிழ்ப்பிள்ளையின் உள்ளம். என் மனிசன் மட்டும் கை கழுவப் போகிற போக்கில் சிரித்துக்கொண்டு சொன்னார்:

"நீரும் ஒரு குண்டு வச்சுக்கொண்டுதானே இருக்கிறீர். போடமாட்டீர், ஆனால் காட்டுறீர்."

அந்தப் பகிடிக்கு அவருடைய முகத்தை நான் மூன்று நாள் பார்க்கவில்லை. ஆனால் என் மிரட்டல் வேலை செய்தது. சரி அம்மா, நீங்கள் ஓம் எண்டு சொல்லாமல் நான் எழுதமாட்டன், என்றான் மகன். எனக்கு நிம்மதி வந்தது. ஓம் சொல்லப்போவது யார்?

அவனோ என்னை விட்டபாடில்லை. விடியற்காலையில் எழும்பி, மலையடியில் இருக்கிற பெரிய பூங்காவில் ஓடிவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து, நான் ரொட்டி தட்டுகிற மேசையில் தொலைபேசியை நிறுத்தி வைத்து, யூரியூப்பில் ஒரு தம்பி அணுவாயுதத்தைப் பற்றித் தமிழில் விளங்கப்படுத்துகிறதைப் போட்டுவிடுவான். நான் மா குழைக்க அந்தத் தம்பி நீர்மூழ்கிக் கப்பல் கதை சொல்வார். அதைவிடக் கொடுமை, என் மனிசனும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்கத் தொடங்கிவிட்டார். வுச்சீரியாவில் உல்லாசப் பயணிகள் சாப்பிடுகிற கடையொன்றில் வருடக்கணக்காகக் கோப்பை கழுவுகிறவர். வீட்டுக்கு வந்தால் பத்து வார்த்தைக்கு மேல் கதைக்காத மனிசன், வாழைக்காய் பொரிக்கிற நேரத்தில் எனக்கு வல்லரசுகளின் மனநிலையை விளக்கினார். எனக்கு எண்ணெய் கைக்கும் மேலே தெறித்தது.

நான் குளிப்பாட்டுகிற சிஞ்ஞோராவிடமாவது சொல்லி அழுவோம் என்று ஒருநாள் சொன்னேன். தொண்ணூறு வயது, நல்ல மனசு. கையைத் தட்டினார்.

"பட்டாளமோ? பிராவோ! போஸ்தோ பிஸ்ஸோ!" என்றார். போஸ்தோ பிஸ்ஸோ என்றால் அசையாத வேலை, ஒருவரும் பறிக்கமுடியாத வேலை. இந்த ஊரில் கடவுளுக்கு அடுத்தது அதுதான். சண்டை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். சண்டை வந்தால் எல்லோரும்தான் சாவோம், உன் மகனாவது சம்பளத்தோடு சாவான் என்றார். அவருடைய தலைக்குக் கொஞ்சம் கூடுதலான சூட்டில் தண்ணீர் ஊற்றினேன்.

அந்த நேரத்தில்தான் தலைவர் தொலைபேசி எடுத்தார். அன்பு அணிக்கு ஆட்கள் முட்டி மோதுகிறார்கள், குண்டு அணிக்கு ஒருவரும் வருகிறார்கள் இல்லை, வெல்லாத பக்கத்தில் யார் பேசுவார்கள்? நல்லகாலம் உங்கடை ஆள் முன்வந்திட்டார் ரீச்சர், அணித்தலைவராவே போட்டிட்டம், என்றார். நான் தொலைபேசியை வைத்துவிட்டு என் மனிசனைப் பார்த்தேன். மேடை என்றால் தன் கலியாண மேடைக்கு மட்டும் ஏறினவர்.

"என்னப்பா இது?"

"சும்மா ஒருக்காப் பேசிப் பாப்பம்," என்றார், சப்பாத்துக்குக் கயிறு கட்டினபடி.

மகன் இதைப் பிடித்துக்கொண்டான். "அப்பாடை அணி வெண்டால் நீங்கள் ஓம் சொல்லோணும். சரியோ?" என்றான். நீங்கள்தானே நடுவர், நீங்கள்தானே தீர்ப்புச் சொல்லப்போறியள், எனக்கு அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை என்றான். பாவம், பட்டிமன்றத்தை அவன் இத்தாலிக்காரப் பிள்ளை மாதிரி உண்மையான போட்டி என்று நினைத்துவிட்டான். நல்ல பக்கம் வெல்லும் என்பது கோயில் திருவிழா நாள் மாதிரி முன்கூட்டியே குறித்த விசயம் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் உடனே ஓம் என்றேன். எவ்வளவு கெதியாகச் சொன்னேன் என்று அவனே ஆச்சரியப்பட்டான்.

விழா நாளன்று எல்லாம் வழக்கம்போலப் பிந்தியது. சின்னப் பிள்ளைகளின் நடனத்துக்குப் பாட்டு வேலை செய்யவில்லை, செய்தபோது பிள்ளைகளுக்கு மூத்திரம் வந்தது. பங்குச் சுவாமியார் வந்து இத்தாலியனில் சமாதானத்தைப் பற்றிச் சுருக்கமாகப் பேசிவிட்டு, ஒரு மீன் றோல்ஸை எடுத்துக்கொண்டு போனார். வெளியே வெயில் சாயத் தொடங்கின பிறகுதான் நடுவர் கதிரையில் என்னை இருத்தினார்கள். மகன் இரண்டாம் வரிசையில் இருந்தான், நான் அழுத்தி வைத்த வெள்ளைச் சேட்டோடு.

அன்பு அணிக்குத் தலைவி மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண். அடுக்குமாடிப் படிகளைக் கழுவுகிற வேலை, இடுப்பு நோ, ஆனால் வாய் நல்ல வாய்.

"பயந்தவன் அடிக்கமாட்டான் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" என்று தொடங்கினார். "எங்கடை ஊரிலை இருட்டுக்கை ஆமிச் சென்றியிலை காவலுக்கு நிண்டவன் சுட்டது கோபத்திலையோ? பயத்திலை. மாடு அசைஞ்சாலும் சுட்டவன். பயந்தவன்தான் முதல் அடிப்பான், மற்றவன் அடிக்கப்போறான் எண்ட பயத்திலை. அப்பிடிப் பயந்தவன் ஒருத்தன் இந்தக் குண்டுக்குப் பக்கத்திலை இருக்கிறான் எண்டால் எனக்கு நித்திரை வராது."

எழும்பிப் போய் அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. நடுவர் அப்படிச் செய்யக்கூடாது. ஆனால் அதோடு அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று, தண்ணீர் குடித்தார், மணி அடித்தது. அவருக்குப் பின்னால் வந்த அன்பு அணியினர், பாடமாக்கினதை ஒப்புவித்தார்கள். அன்பு கடல், அன்பு நிலா, அன்பு அன்னை. தலைவர்கூடக் கொட்டாவி விட்டார்.

அதன் பிறகு என் மனிசன் எழும்பினார். நடுவர் அவர்களே என்றார். வீட்டில் என்னை இஞ்சரும் என்று கூப்பிடுகிறவர் அப்படிச் சொன்னதும் சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ரெண்டு வல்லரசும் நேருக்கு நேர் ஏன் மோதுறேல்லை? நல்லவங்களோ? இல்லை. அடிச்சால் திருப்பி விழும். நாடு முழுக்கச் சாம்பலாய்ப் போனாலும் கடலுக்கடியிலை ஒரு கப்பல் மிஞ்சியிருக்கும், அது திருப்பி அடிக்கும். அதுக்குப் பயந்துதான் கையைக் கட்டிக்கொண்டு நிக்கினம். அன்பாலை இல்லை." கொஞ்சம் நின்றார். "எங்கடை சனத்துக்கு மேலே ஏன் விழுந்தது? நாங்கள் அன்பில்லாத ஆக்களோ? கோயிலுக்குள்ளை இருந்தம். பள்ளிக்கூடத்துக்குள்ளை இருந்தம். ஆஸ்பத்திரிக்குள்ளை இருந்தம். திருப்பி விழாது எண்டு தெரிஞ்சுதான் போட்டவங்கள். வேறை ஒரு காரணமும் இல்லை."

ஒருவருக்கும் சுடாத தலைப்பு இது. தலைவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"என்ரை மகன் இஞ்சை பிறந்த பிள்ளை," என்றார் அவர், குரல் கொஞ்சம் மாறி. "ரோட்டிலை பொலிஸ் மறிச்சுப் பெர்மெசோ கேக்கிறாங்கள். எங்கையடா உன்ரை விசா எண்டு. நான் வாங்கிக் கட்டினது போதும். அவன் ஒரு யூனிபோம் போட்டுக்கொண்டு வந்தால் கேப்பாங்களோ? கேக்கமாட்டாங்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. நன்றி."

அவ்வளவு காலமும் ஒரே கட்டிலில் படுத்த மனிசன். மகன் ஆமிக்குப் போகவேண்டும் என்று தான் ஆசைப்படுவதை என்னிடம் ஒருநாளாவது வாய்திறந்து சொல்லவில்லை. சபைக்குச் சொன்னார், அதுவும் மைக்கில். சனம் எழும்பி நின்று கைதட்டியது. மன்னார்ப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் கண்ணும் கலங்கியது, எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

தீர்ப்புச் சொல்ல எழும்பினேன். இறுதியில் அன்பே வெல்லும் என்ற வரி தொண்டையில் தயாராக இருந்தது. மகன் தகப்பனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான், பரீட்சை முடிவு வாசிக்கிற நேரத்தில் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி. அன்பு என்ற சொல்லை எடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தனை கிழமையும் அவனை நான் எதைக் காட்டி நிறுத்தி வைத்திருந்தேன்? அன்பையா? என் செத்தவீட்டைக் காட்டி அல்லவா?

"ரெண்டு அணியும் நல்லாப் பேசினவை," என்றேன். "ஆனால் உண்மையைச் சொல்லவேணும். இண்டைக்குக் குண்டு அணிதான் வெண்டது."

மண்டபத்தில் ஒரு இரைச்சல். தலைவர் வாயைத் திறந்தபடி இருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் இதற்கு முன்னர் அன்பு தோற்றதில்லை. மகன் கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டான், முகம் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் தம்பியின் குரல் காதுக்குள் கேட்டது, நான் மைக்கை இறுக்கிப் பிடித்தேன்.

"நடுவரா நான் சொல்லவேண்டியது அது. இனித் தாயாச் சொல்லுறன். தம்பி, நீ ஆமிக்குப் போகக்கூடாது. ஓம் எண்டு நான் சொல்லமாட்டன். இண்டைக்கும் சொல்லமாட்டன், எப்பவும் சொல்லமாட்டன். எவன் எத்தினை குண்டு வச்சிருந்தாலும் சரி."

சனம் வெடித்துச் சிரித்தது. நடுவர் கடைசியில் ஒரு குடும்பப் பகிடி விடுவது வழக்கம்தானே, நானும் விட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். விழாவிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான். தலைவர் ஓடிவந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார், படம் எடுத்தார்கள். பொன்னாடைக்கு மேலால் பார்த்தேன், மகன் சிரித்துக்கொண்டிருந்த சனத்துக்கு நடுவால் விலத்தி விலத்தி வெளியே போனான். ஒரு பிள்ளை அவனுடைய முதுகில் தட்டி, உன் அம்மா சூப்பர் என்றது.

வாசலில் நின்றான், நல்ல பிள்ளை அல்லவா, எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. துறைமுகப் பக்கத்தால் வீட்டுக்கு நடந்தோம்.

"நீங்கள் சொன்ன சொல்லை மாத்திட்டியள்," என்றான்.

"ஓம், மாத்தினனான்."

"அப்பா வெண்டவர்."

"ஓம், வெண்டவர்."

"அப்ப ஏன்?"

"நீ உயிரோடை இருக்கோணும்," என்றேன். அதற்குமேல் என்னிடம் வாதம் இல்லை. இன்றைக்கும் இல்லை. அதே மண்டபத்தில் அதே கேள்வியை இன்னொரு தரம் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், எனக்கு அதில் துளியும் வெட்கமில்லை.

எங்கள் வீட்டில் சொன்ன சொல்லைக் காத்தது அவன் ஒருவன்தான். ஓம் இல்லாமல் எழுதமாட்டேன் என்றான், எழுதவில்லை. கொன்கோர்சோவின் கடைசி நாள் வந்து போயிற்று. காலையில் ஓடுவதை நிறுத்தினான். சைக்கிள் வேலையும் நின்றுபோக, தகப்பன் முதலாளியிடம் கேட்டு, வுச்சீரியாக் கடையில் அவனையும் தன் பக்கத்துத் தொட்டியில் கோப்பை கழுவ விட்டார். இப்போது இரண்டு பேருடைய கையும் ஒரே மாதிரி வெளிறி, ஒரே மாதிரிக் கழுவுகிற மருந்து மணக்கிறது. வீட்டில் சண்டை இல்லை. ஒருவரும் குரல் உயர்த்துவதில்லை. கேட்டால் பதில் சொல்கிறான், கேட்காவிட்டால் சொல்வதில்லை.

எங்கள் கட்டடத்தில் இருக்கிற ஒரு பொடியன், அவனோடு ஓடினவன், கொன்கோர்சோ எழுதி எடுபட்டு ஆமிக்குப் போனான். இப்போது ரஷ்ய எல்லைக்குக் கிட்ட எங்கோ ஒரு நாட்டில் நிற்கிறான். அவனுடைய தாய் போர்கோ வெக்கியோச் சந்தையில் என்னைக் கண்டால் விடமாட்டாள். மீன் பெட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்துப் படம் காட்டுவாள். பனிக்குள் மகன், புதுச் சப்பாத்தோடு மகன், லீவில் வந்து அவளுக்கு வாங்கிக் கொடுத்த குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் மகன். நல்ல மனிசி, வேண்டுமென்று செய்யவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்து, பெல்லோ, பெல்லோ, நல்ல வடிவு என்று சொல்லிவிட்டு, மத்தி மீனை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிடுவேன்.

சண்டை வரவில்லை. அதுதான் என் வீட்டில் இப்போது நடக்கிற விசயம். மகன் வேலையால் வந்து, கை கழுவி, கதிரையில் இருந்து, மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரிச் சொல்வான்: "இண்டைக்கும் சண்டை வரேல்லை, அம்மா." நக்கலாகச் சொன்னால் நான் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பேன். நக்கல் இல்லை. அவனுடைய குண்டுகள் அவன் சொன்னபடியே ஒவ்வொரு நாளும் சும்மா கிடந்தன. ஒவ்வொரு நாளும் நான் சொன்னது ஒரு நாள் கூடுதலாகப் பிழையாகிக்கொண்டிருந்தது.

போன கிழமை ஒரு மத்தியானம். பின்னேர வேலைக்குப் போக முன்னர் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், ரீவி போட்டிருந்தது. செய்தி வாசிக்கிற பெண் வழக்கத்தைவிட வேகமாகக் கதைத்தாள். ஒரு வல்லரசு ஏதோ சொல்லிவிட்டதாம், மற்றது ஏதோ நகர்த்திவிட்டதாம், எதைத் தயார்நிலையில் வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். படத்தில் சிவப்பு அம்புகள். அந்தப் பொடியன் நிற்கிற நாட்டுக்கு மேலேயும் ஒன்று. என் மனிசன் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

எனக்கோ, நெஞ்சுக்குள் மாதக்கணக்காக இறுகிக் கிடந்த ஒன்று மெல்ல இளகியது. பார்த்தியா என்று யாரோ எனக்குள் சொன்ன மாதிரி இருந்தது. நிமிர்ந்து இருந்தேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். சந்தையில் படம் காட்டுகிற அந்தத் தாயின் ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மகன் ரீவியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா," என்றான், "நீங்கள் சந்தோசப்படுறியள்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனையோ மாதமாக எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டு வந்த சொல். அன்றைக்கு அது வரவில்லை.